கம்பைத் தூக்காதவர்

அம்ப்குவா ஆற்றின் சில்லிட்ட நீரில் இடுப்பளவு ஆழத்தில் நின்றிருந்தார் வெர்லின். இறகு கட்டிய தூண்டில்முள் ஓட்டத்தோடு குறுக்கே மிதந்து போனபோது வெடுக்கென்று ஓர் இழுப்பு. "கடிச்சதும் கம்பைத் தூக்காதய்யா, மீன் திரும்பட்டும்" என்று மனைவி ஓர்மா காலமெல்லாம் திட்டியது இன்றுதான் உறைத்தது. கை அசையவில்லை. ஸ்டீல்ஹெட் மீன் தானே திரும்பி மாட்டிக்கொண்டது.

கரையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள் ஓர்மா. மறதி நோயில் பிள்ளைகளின் முகம்கூட மறந்துவிட்டது. இவரை மட்டும் இன்னும் தெரிந்தது.

மீனை நீருக்குள்ளேயே ஏந்திக் காட்டினார். "பாத்தியா? தூக்கவே இல்ல."

அவள் அவரையே வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா புடிச்சீங்க. எங்க வீட்டுக்காரரா இருந்தா தூக்கிக் கெடுத்திருப்பாரு. அவரை எங்கயாவது பாத்தீங்களா?"