புள்ளி உதிர்ந்த மீன்கள்

வீட்டுத் தொட்டி மீன்களிலிருந்து நோயின் வெள்ளைப் புள்ளிகள் உதிர்ந்ததுமே, உப்புக்குளத்துக் கடற்றொழிலாளி சனூன் மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டு மீன்களைப் பக்கத்து வீட்டு ஷிஹானாவின் தொட்டிக்குக் கொடுத்தான். புள்ளி போனாலும் கிருமி தண்ணீரில் பெருகும், மருந்தை நிறுத்தாதே என்று வளர்ப்பு மீன் கடைக்காரர் சொன்னதை அவன் மதிக்கவில்லை.

"கடல்ல கிடக்கிறவனுக்கு மீன் வைத்தியம் படிப்பிக்கிறார்," என்று சிரித்தான்.

"நீங்கள் மீனைக் கொல்லத்தானே பழகினனீங்கள்," என்றாள் மனைவி இர்ஷானா.

அடுத்த கிழமை, சனூனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ஷிஹானா வந்தாள். அவளுடைய மீன்கள் எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி, பாதி செத்துவிட்டன.

"குறை நினைக்காதேங்கோ நானா. என்ர தண்ணி கூடாது போல. நீங்கள் தந்த நல்ல மீனையும் சாகடிச்சுப்போட்டன்."

தலையாட்டிவிட்டால் தப்பிவிடலாம். சனூனுக்கு முகம் சுட்டது.

"உங்கட தண்ணியில பிழையில்லை, தங்கச்சி. நோயோட தந்தது நான்தான்."

ஷிஹானா திரும்பிப் போனாள். அவள் ஏசியிருந்தால் நல்லது என்றிருந்தது அவனுக்கு.