ஐயாசாமி கங்காணியின் பதினோரு பேர்

மலாயாவில் ஸ்கூடாய்ப் பக்கத்து மேட்டு ரப்பர்த் தோட்டத்துப் பந்தாட்டக் குழு யாருடையது என்று கேட்டால் துரையுடையது என்பார்கள். பந்தும் சட்டையும் துரை கொடுத்தவைதான். ஆனால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பால் வெட்டுகிறவர்களின் பெயர்களைக் கூப்பிட்டு முடித்த கையோடு ஆட்டக்காரர் பதினோரு பேரைத் தனியாகக் கூப்பிடுகிறவர் ஐயாசாமி கங்காணி. யார் எங்கே நிற்பது, யாருக்கு லேசான வேலை, யார் ஆட்டத்துக்கு முந்தின நாள் கள்ளுக்கடைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பதிலெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். மூன்று ஆண்டுகளாக இறுதி ஆட்டத்தில் பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்தாரிடம் தோல்வி. குழு தோற்றது என்று அவர் சொல்வதில்லை; நான் தோற்றேன் என்பார். இந்த முறை கோப்பை வராவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகக் கள்ளுக்கடையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டில் ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆள் குறைக்க வேண்டும், ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்ற முப்பது பேரைச் சொல் என்றார் துரை. இறுதி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இன்னொருவராயிருந்தால் சோறு இறங்கியிருக்காது. ஐயாசாமி அரை மணியில் முடித்துவிட்டார். முதலில் தம் பதினோரு பேரை ஒதுக்கினார். மிச்சத்தில் வயசானவர்கள், இருமுகிறவர்கள், நடை தளர்ந்தவர்கள் என்று பார்த்து முப்பது பெயரைக் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார். கோல் காக்கும் வீரமுத்து தப்பியதில் அவருக்குப் பரம திருப்தி.

அவர் மறந்தது ஒன்றுதான். அந்தத் தோட்டத்துக்கு ஆள் கட்டியவரே அவர். முசிறிப் பக்கம் தம் ஊரிலும் அதையொட்டிய இரண்டு ஊர்களிலும் வீடு வீடாக ஏறி, மாமன் மச்சான் என்று பேசித்தான் சேர்த்தார். தெரியாதவன் ஓடிப்போவான், சொந்தக்காரன் ஓடமாட்டான் என்பது கங்காணிமார் கண்ட அனுபவம். கூலிக் குடும்பங்கள் இருக்கும் லயத்தில் யார் யாருக்கு என்ன முறை என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அன்றைக்கு மட்டும் கால்களைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை.

பெயர்கள் வெளியான மாலையே வீரமுத்து வந்தான். அவன் அம்மா பேச்சியம்மாள் முப்பதில் ஒருத்தி. தன்னையும் சேர்க்கச் சொன்னான். ஆட்டம் முடியட்டும், அடுத்த கப்பலில் போகலாம் என்று கங்காணி தணிவாகத்தான் சொன்னார்.

"அடுத்த கப்பலுக்குத் தொர சீட்டு குடுப்பாரா?"

முதலில் ஆட்டத்தைப் பார் என்றார் கங்காணி. அதுவரை அவரைக் கங்காணி என்றே கூப்பிட்டு வந்தவன், "நீங்கதான் மாமா எங்கள ஒண்ணாக் கூட்டிக்கிட்டு வந்தீங்க. ஒண்ணாவே அனுப்பிடுங்க" என்றான்.

மறுநாள் மூவர் வந்தார்கள். ஒருவனுக்கு அப்பன், ஒருவனுக்கு அண்ணன், ஒருவனுக்கு அக்காள் குடும்பம். வாரம் முடிவதற்குள் ஒன்பது பேர். கங்காணி மிரட்டினார், பிறகு கெஞ்சினார். வேறு முப்பது பெயர் தருகிறேன் என்று துரையிடமும் போய் நின்றார். கொடுத்தது கொடுத்ததுதான், பட்டியலில் ஒன்பது பேர் கூடினால் தோட்டத்துக்கு நல்லது என்று துரை சொல்லிவிட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை லாரியில் முப்பத்தொன்பது பேர் ஏறினார்கள். ஆட்டச் சட்டைகளைத் துவைத்து மடித்துக் கங்காணி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்று அவர் அழுதார்.

மிஞ்சியவர்கள் மூர்த்தியும் லெட்சுமணனும். அவர்களுடைய ஓட்டத்தைப் பார்த்து வேறு தோட்டத்திலிருந்து அவர் இழுத்துக்கொண்டு வந்தவர்கள். இங்கே யாருக்கும் உறவில்லை. வெளியாள் என்று மூன்று ஆண்டுகளாக அவர் முழுசாக நம்பாதவர்கள். ஆட்டத்துக்கு வரவேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் சொன்னார். இருவரும் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார்கள்.

பெக்கான் நானாஸ் திடலில் எதிரணி வரிசையாக நின்றது. உங்கள் பக்கம் எத்தனை பேர் என்று நடுவர் கேட்டார். ஐயாசாமி தலைப்பாகையையும் கோட்டையும் கழற்றிப் புல்லில் வைத்தார். வீரமுத்துவின் சட்டையை எடுத்துத் தலைவழியே மாட்டினார். அது தொப்பையைத் தாண்டி இறங்கவில்லை.

"மூணு பேரு" என்றார்.