கரேன் சொன்ன சாட்சி

எங்கள் எஸ்டேட் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் யார் மைக்கைப் பிடித்து எதைச் சொன்னாலும் அது சாட்சிதான். சுகமானவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் அல்லேலூயா போடுவார்கள். இது தெரிந்தும் என் அண்ணன் மகள் கரேன் மைக்கைப் பிடித்தாள். கோலாலம்பூரில் இதய ஆராய்ச்சி செய்கிறவள், லீவில் வந்திருந்தாள். பேசியே ஆக வேண்டும் என்று பாஸ்டர் விடவில்லை.

நம் மரபணுத் தொகுதியில் குப்பை என்று ஒதுக்கிவைத்த இடங்களில் மிகச் சின்னப் புரதத் துண்டுகளுக்கான குறிப்புகள் இருக்கின்றனவாம். பெப்டைடு என்று பெயர். இதயத் தசைக்குள் கால்சியத்தை இறைக்கும் பம்பின் பக்கத்தில் சில உட்கார்ந்து பிரேக் போடுகின்றன. ஒன்று அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது. அதன் அளவைக் கூட்டியதில் நோய்ப்பட்ட எலிகளின் இதயம் தேறியதாம்.

"மனுஷனுக்கு இன்னும் மருந்தா வரல," என்றும் சொன்னாள். அதற்குள் அல்லேலூயா எழும்பிவிட்டது.

முதலில் கை தூக்கியவர் என் வீட்டுக்காரர் மைக்கல். தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுகிறார். இதயம் பலவீனம், ஆனால் நீரைப் பிரியவைக்கும் மாத்திரை என்றால் வேப்பங்காய். அதைப் போட்டுக்கொண்டு பிரிஞ்சாங் ரோட்டு ஜாமில் மாட்டி அவர் பட்ட பாட்டை எழுத முடியாது.

"ஆண்டவர் உள்ளுக்குள்ளயே வச்சிருக்காரு, கிளினிக் மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. இரவெல்லாம் பயத்தோடு அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, அது எலிக்கு லா," என்று கரேன் கெஞ்சினாள்.

"பிள்ள அடக்கமா பேசுது," என்றார்.

மறுவாரம் அவளே மைக்கைக் கேட்டு வாங்கினாள். "நான் சொன்னது சாட்சி இல்ல. மாத்திரையை யாரும் நிறுத்தாதீங்க." ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை. பிள்ளை விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாள் என்று பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். கரேன் அழுதாள். சபையும் அழுதது, காரணம்தான் வேறு.

வீட்டுக்கு வந்ததும் மைக்கல் மாத்திரையைக் கேட்டார். "பாவம், அந்தப் பிள்ள மனசு உடைஞ்சு போச்சு. அதுக்காகப் போட்டுக்கறேன். எனக்குத் தேவையில்ல." தேவையில்லாத மாத்திரையை வேளை தவறாமல் போட்டார். கிளினிக்குக்கும் வந்தார், எனக்குத் துணையாம். வீக்கம் வடிந்தது.

அடுத்த முறை கரேன் வந்திருந்த ஞாயிறு, அவர் மைக்கைப் பிடித்து, எலிக்கு இரங்கிய தேவன் தனக்கும் இரங்கியதைச் சொன்னார். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரேன் என் கையைப் பிடித்தாள். "அத்தை, நீங்களாவது எழுந்து உண்மையைச் சொல்லுங்க."

எழுந்தேன். அவர் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருந்தார். அல்லேலூயா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.