ம் கொட்டியவள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்சை மிதி, கண்ணாடியைப் பாரு, பூனைக்கு வழி விடு, அது உனக்கு விடாது" என்று வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை ஓயமாட்டார். வீட்டுக்கு வந்தாலும் அதே கச்சேரிதான். மனைவி காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ, ஒரு காதை அவருக்குக் கொடுத்துவிட்டு, "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டிருப்பாள். பாதி காதில் விழாது. விழாவிட்டால்தான் என்ன, நாளைக்கும் இதையேதானே சொல்லப்போகிறார் என்ற தைரியம்.

அந்த வாயைத்தான் நோய் தேடி வந்து பிடித்தது. குரல்வளையில் கட்டி. அதை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் எப்போதும் ஒரு மெல்லிய துணி. எத்தனையோ ஊமைக்கோட்டான்கள் சௌக்கியமாக நடமாடும் உலகத்தில் இந்த மனுஷனுக்கா இது வரவேண்டும்? அவளுக்கு ஆறவே இல்லை.

வெளியூரில் இருக்கும் மகள் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினாள். அவர் தட்டினால் எழுத்து வரும். எழுத்தைப் படித்துக்காட்ட ஒரு குரலும் அதில் இருந்தது. பெண் குரல். அவருடைய பூனை ஜோக்கை வானிலை அறிக்கை மாதிரி வாசித்தது. அவர் உடனே அதன் வாயை அடைத்துவிட்டு, 'என் வீட்ல இன்னொருத்தி பேச வேண்டாம்' என்று தட்டிக் காட்டினார். அவள் சிரித்து மாளவில்லை. இனிமேல் இவர் பேச்சைக் கேட்கக் காது போதாது, கண் வேண்டும் என்பது சிரிக்கும்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அவள் கண்ணோ ஏற்கெனவே கம்பெனிக்கு விற்ற கண். பார்சல் கம்பெனியில் வேலை. இயந்திரத்துக்குப் புரியாத முகவரிகள் எல்லாம் படமாக அவள் திரைக்கு வந்து சேரும். மழையில் கரைந்தது, டேப்புக்கு அடியில் மாட்டியது, கோழி கிளறியது போல எழுதியது. உற்றுப் பார்த்துப் படித்துத் திருத்தமாகத் தட்டவேண்டும். ஊரார் கிறுக்கலையெல்லாம் படித்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும்போது கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தும். கதவைத் திறந்தால் பகல் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சோடு, டேப்லெட்டை மார்பில் அணைத்தபடி அவர் நிற்பார்.

கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் சோதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பவர் சரியாத்தான் இருக்கு. கண்ணுதான் காஞ்சு கெடக்கு. திரையைப் பார்க்கறப்ப இமைக்கறதையே மறந்துடறீங்க. எழுத்தைப் பெருசாக்குங்க. வெளிச்சத்தை அறைக்குத் தகுந்த மாதிரி குறைங்க. ஒரு கை தூரத்துல வெச்சுப் படிங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை நிமிர்ந்து தூரமாப் பாருங்க. இந்தச் சொட்டு மருந்தை விடுங்க. முக்கியமா, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா திரையைத் தொடவே தொடாதீங்க."

"தொடலைன்னா எங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிங்க பேசறது?"

கடைக்காரர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தார்.

சொன்னதையெல்லாம் அவள் செய்தாள். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினாள். ஒரு திரைக்கு மூன்று சொல்தான் பிடித்தது. பூனை ஜோக்குக்குப் பூனை வந்து சேர்வதற்குள் திரையைப் பலமுறை தள்ளவேண்டியிருந்தது. சிரிக்கவேண்டிய இடம் வரும்போது முதலில் வந்தது மறந்துவிட்டது. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் அவள் நிமிர்ந்து எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விடுவாள். அதுவரை அவர் விரலைத் தூக்கியபடி, சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டி மாதிரி காத்திருப்பார்.

கொஞ்ச நாளில் அவரே சுருக்கிக்கொண்டார். 'சாப்பிட்டேன்.' 'தூங்கினேன்.' 'மழை வரும்.' ஹாரன் என்று பேர் வாங்கின மனுஷன்!

"என்னங்க இது, தந்தி அடிக்கிற மாதிரி? நல்லா நீளமா எழுதுங்க. நான் படிக்கிறேன்."

அவர் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே. பக்கம் பக்கமாகத் தட்டித் தள்ளினார். படிக்கிறேன் என்று வாயைக் கொடுத்தாயிற்று, கண் ஒத்துழைக்கவேண்டாமா? நாலு திரை தாண்டினால் எழுத்தெல்லாம் நீரில் நீந்தின. அப்போதுதான் அவள் தன் பழைய வித்தையை எடுத்தாள். டேப்லெட்டைக் கையில் பிடித்து, படிக்கிற வேகத்தில் திரையைத் தள்ளிக்கொண்டே, ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் முகம் மலர்ந்தால் சிரிப்பாள். சுருங்கினால், "அடப்பாவமே" என்பாள். நடுவில் "ம்." ஏமாற்றவேண்டும் என்றில்லை. மனுஷன் பேசிய நிறைவோடு படுக்கட்டுமே என்றுதான்.

மழைக்காலம் தொடங்கியது. நனைந்த முகவரிகள் மலையாகக் குவிந்த ஒரு நாள், கண் தீயாக எரிய வந்து சேர்ந்தாள். சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். பிறகு டேப்லெட்டை அவள் மடியில் வைத்தார். மருந்துக்குள் எழுத்து மிதந்தது. அவள் தள்ளினாள், தள்ளினாள். ஓரக்கண்ணுக்கு அவர் முகத்தில் சிரிப்பும் தெரியவில்லை, சுளிப்பும் தெரியவில்லை. எதுவும் தெரியாதபோது சொல்வதற்கென்று ஒன்று வைத்திருந்தாள்.

"ம்... சரிங்க. உங்க இஷ்டம்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். டேப்லெட்டை வாங்கி, எழுதியதை அழித்தார். எழுந்துபோய் விளக்கை அணைத்து, கண்ணை மூடிக்கொள் என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எவ்வளவு பதவிசான மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து, வழக்கமான பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போனாள். டாக்டர் கழுத்துத் துணியை விலக்கி விரலால் தடவிக்கொண்டே வந்தார். காதுக்குக் கீழே விரல் நின்றது.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

அவர் தட்டிக் கொடுத்தார். டாக்டர் அதை உரக்கப் படித்தார். "மழை ஆரம்பிச்சப்பவே வந்துடுச்சு. அன்னிக்கே வீட்ல சொன்னேன். மறுபடியும் கத்தி வேண்டாம், இருக்கற வரைக்கும் இப்படியே இருந்துடறேன்னு கேட்டேன். சரி, உங்க இஷ்டம்னு சொல்லிட்டா."

அவள் டாக்டர் கையிலிருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்.

"அப்பவே வந்திருந்தா எடுத்திருக்கலாம்மா. இப்ப ரத்தக் குழாயைச் சுத்திக்கிட்ட மாதிரி தெரியுது. ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். ஆனா என்னால நம்பிக்கை கொடுக்க முடியல." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட இவர் சொன்னது நிஜமா?"

இல்லை என்று சொன்னால், இத்தனை நாள் அவர் பேசியதில் எதையும் இவள் சரியாகப் படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். குரலும் போய், கேட்க ஆளும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தேனா என்று உடைந்துபோவார். ஆமாம் என்று சொன்னால், புருஷனைச் சாகச் சம்மதித்தவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"சொன்னாருங்க," என்றாள். "நான்தான் சரின்னேன்."

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். அவர் தட்டி, அவளிடம் நீட்டினார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு கை தூரத்தில் பிடித்தாள். பெரிய எழுத்து, மூன்று மூன்று சொல்லாக வந்தது.

'நீ படிக்கலை. தெரியும்.'

தள்ளினாள்.

'அதனாலதான் அன்னிக்குக் கேட்டேன்.'

தள்ளினாள்.

'படிச்சிருந்தா நீ விடமாட்டே.'

அடப்பாவி மனுஷா என்று அவரைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. தன் தலையிலேயே அடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் கை எழவில்லை. பூனைக்கும் தோழன் பாலுக்கும் காவல் என்று இத்தனை நாள் தன்னைத்தான் கெட்டிக்காரி என்று எண்ணியிருந்தாள். அவள் சோர்ந்துபோகும் நேரம் பார்த்து அவர் தன் சாவுக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறார்.

டேப்லெட்டின் அமைப்புகளுக்குள் போனாள். எழுத்தை மிகச் சிறியதாக்கினாள்.

"இப்ப எழுதுங்க. நான் படிக்காம விட்டது எல்லாத்தையும் மறுபடி எழுதுங்க. ஒண்ணு விடக்கூடாது."

அவர் அவள் கண்ணைத் தொட்டுக் காட்டி, கூடாது என்று தலையாட்டினார்.

"வலிச்சா வலிக்கட்டுங்க."

அவர் எழுதத் தொடங்கினார். விரல் பழைய வேகத்துக்கு வரும் நேரத்தில் கதவு திறந்தது. இதையெல்லாம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லி, நர்ஸ் டேப்லெட்டை அவளிடம் கொடுத்துவிட்டு அவரை அழைத்துப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் குனிந்தாள். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. அந்தப் பூனை ஜோக்கிலிருந்துதான் ஆரம்பித்திருந்தார். கண் எரிய எரிய, ஒரு சொல் விடாமல், பாதியில் நின்ற இடம்வரை படித்தாள். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்து, "ம்," என்றாள்.