முதுகுக்கறி யாருக்கு?

“செஃப், ஆறு பேர் இல்லியாம். ஏழு பேராம்.”

ரிசார்ட் வாசலில் இருந்து வந்த போனைக் காதோடு ஒட்டியபடியே பனாபா சொன்னான். சமையலறையில் லூபேக்கு அடுத்த இடம் அவனுக்கு. மலை மாதிரி உடம்பு, பூனை மாதிரி குரல்.

லூபே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏழாவது யாரு, டிரைவரா?”

“சவாயித் தீவுல இருந்து வந்திருக்கார். அசோமுவா.”

கத்தி நின்றது.

அசோமுவா என்பது ஆளின் பெயர் இல்லை, பட்டம். அந்தப் பட்டத்தைச் சுமப்பவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் உள்ளே இருப்பவர்கள் பேச்சைப் பாதியில் விழுங்குவார்கள். வைலோட்டு ஊரின் தலைவர் துய்மாலுவும் லேசுப்பட்டவர் இல்லை. இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் இந்த உபோலுத் தீவில் ஒரு பதில் வரும், சவாயியில் வேறு பதில் வரும். கேட்காமல் இருப்பதுதான் இரண்டு தீவுக்கும் நல்லது.

அந்த இருவரும் இன்றைக்கு ஒரே மேஜையில் உட்காரப் போகிறார்கள். பின்கட்டில், சுட்ட கல்லின் மேல் வாழையிலை மூடிப் புகைந்துகொண்டிருக்கும் உமு அடுப்பில் இருப்பதோ ஒரே ஒரு பன்றி. ஒரு பன்றிக்கு ஒரு முதுகுதான்.

“எதுக்கு யோசிக்கிறீங்க? முதுக ரெண்டா வெட்டிடலாம்,” என்றான் பனாபா.

“வெட்டி?”

“ஆளுக்குப் பாதி.”

“ஒருத்தருக்கு மரியாதை குறைஞ்சிடுமோன்னு நான் பயந்துட்டிருக்கேன். நீ ரெண்டு பேருக்குமே குறைக்கலாம்ங்கிற.”

பனாபா தட்டுகளை அடுக்கப் போனான்.

முதுகு ஊர்த்தலைவருக்கு. கால், தலைவரின் வாயாகச் சபையில் பேசும் பேச்சாளருக்கு. வயிற்றுப் பக்கம் பெண்களுக்கு. தலை, அடுப்பு மூட்டிய பையன்களுக்கு. வைலோட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது. லூபே அதில் கை வைக்கவில்லை. கறிக்கு மேலே போவதில்தான் தன் கைவரிசையைக் காட்டியிருந்தாள். முதுகுக்கு, இஞ்சியும் சோயாவும் சுண்டக் காய்ச்சிய சாறு. காலுக்கு, தீயில் வாட்டிய தேங்காயின் பாலும் பேஷன் பழத்தின் புளிப்பும். பக்கத்தில் தணலில் சுட்டு மசித்த சீமைப்பலா. சமையல் படிக்கப் போன ஒசாகாவில் கற்றது பாதி, இந்த மணலில் கற்றது பாதி.

இன்று அந்தத் தட்டுகள் காலியாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் இந்தச் சமையலறை அவளுடையது. இல்லையென்றால் இல்லை.

ரிசார்ட் நிற்பது வைலோட்டு ஊரின் நிலத்தில். ஆனாலும் திறந்த நாளில் இருந்து ஊர்ப் பெரியவர் ஒருவர்கூட உணவகத்தின் படி ஏறியதில்லை. ‘நம்ம சாப்பாட்ட வச்சு விளையாடுறாங்க’ என்பது அவர்கள் கட்சி. முதலாளி லூபேயைத் தற்காலிகமாகத்தான் தலைமைச் சமையல்காரி ஆக்கியிருந்தார். ஊர் வந்து சாப்பிட்டால் நிரந்தரம். சாப்பிடாமல் எழுந்து போனால், ஆக்லாந்தில் ஒருவர் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறார்.

வருகிறவர்களில் ஒருவர் வைஃபாலே. ஊரின் தலைமைப் பேச்சாளர். லூபேயின் அப்பா.

அடுப்பு வேலை பட்டமில்லாத பையன்களின் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “ஹோட்டல்ல இருக்கா” என்பார். என்னவாக இருக்கிறாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மேனேஜர் கெல்வின் உள்ளே எட்டிப் பார்த்தான். ரத்தம் வைலோட்டு, வளர்ந்தது ஆக்லாந்து. பெரியவர்களைப் பார்த்தால் அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது.

“வந்துட்டாங்க. சூரியன் மறையறது தெரியிற மாதிரி உட்கார வச்சிருக்கேன். என்ன குடிக்கிறீங்கன்னு கேட்டேன், யாரும் பதிலே சொல்லல. நான் எதாவது தப்பா கேட்டுட்டேனா?”

“தப்பா கேக்கல. முதல் தட்டு போகட்டும்.”

முதல் தட்டு ஓகா. பச்சை மீனை எலுமிச்சையிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறவைப்பது. லூபே அந்தத் தேங்காய்ப்பாலை உறையவைத்து, பனித்தூளாகச் சீவி மீனின் மேல் தூவியிருந்தாள். வாயில் வைத்தால் குளிர்ந்து, அப்புறம் பாலாகி, அப்புறம் கடலாகும். இரண்டு மாதம் தூங்காமல் கண்டுபிடித்த தட்டு.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாலு பக்கமும் திறந்த ஓலைக் கூரைக்குக் கீழே பெரிய மேஜை. ஒரு முனையில் துய்மாலு. எதிர்முனையில் அசோமுவா, வெள்ளைத் தலை, வெறும் கால், மடியில் ஈ விரட்டும் சாமரம். இடையில் அப்பா, மற்ற நான்கு பெரியவர்கள்.

வழக்கப்படி ஜெபம் முடிந்தது. தட்டுகள் வைக்கப்பட்டன.

யாரும் தொடவில்லை.

துய்மாலு கடலைப் பார்த்தார். அசோமுவாவும் கடலைப் பார்த்தார். தலைவர்கள் கை வைக்காத மேஜையில் மற்றவர் கை எப்படி நீளும்? பனித்தூள் உருகி மீனின் மேல் வழிந்தது. பக்கத்து மேஜையில் தேனிலவு வந்திருந்த ஜோடி ‘ஆஹா’ என்று சப்புக்கொட்டியது இங்கே வரை கேட்டது.

தட்டுகள் வைத்தது வைத்தபடியே திரும்பி வந்தன.

கெல்வினின் நெற்றி வியர்த்திருந்தது. “பிடிக்கலையா? பச்சை மீன் அவங்களுக்கு ஆகாதா?”

“கெல்வின், பச்சை மீன் தின்னு வளர்ந்தவங்க அவங்க.”

“அப்ப என்னதான் பிரச்சினை? முதலாளி போன் பண்ணுவார். நான் என்ன சொல்ல?”

லூபே திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தாள். ஒன்றில்கூட ஸ்பூன் நகரவில்லை. உப்பில் குறை இல்லை, புளிப்பில் குறை இல்லை. ருசி பார்த்துவிட்டு ஒதுக்கிய தட்டு இல்லையே இது. ஆரம்பிக்கவே இல்லாத தட்டு.

சட்டென்று உறைத்தது. உறைத்ததும் காது சூடேறியது. சவாயிக்காரர் வந்ததால் வந்த வினை இல்லை இது. ஆறு பேராகவே வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். தப்பு அவளுடையது. அதுவும் வைலோட்டுப் பெண் செய்யக்கூடாத தப்பு.

“பனாபா, உங்க ஊர்ல பெரிய விருந்துக்குச் சாப்பாடு எப்படி வரும்?”

“தூக்கிட்டு வருவாங்க.”

“சும்மாவா?”

“சும்மா எப்படி? வீட்டுக்கு முன்னால நின்னு கூவுவாங்க. இன்னார் குடுக்கிறது, இன்னாருக்கு, இத்தனை பன்றி, இத்தனை கூடைன்னு…” பனாபாவின் குரல் தேய்ந்தது. “ஐயோ.”

“நான் என்ன பண்ணேன்? ஊமைச் சாப்பாட்ட அனுப்பினேன். யார் குடுக்கிறா, யாருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. அவங்கள கஸ்டமர்னு நெனச்சுட்டேன்டா. இது அவங்க மண்ணு. அவங்க இங்க விருந்தாளியே இல்ல. விருந்தாளி ஒருத்தர்தான்.”

“அசோமுவா.”

“அவருக்கு விருந்து வைக்கிறது துய்மாலு. நான் வெறும் கை.”

முதுகு யாருக்கு என்ற கேள்வி அந்த நொடியில் காணாமல் போயிருந்தது.

“பன்றிய எடுங்க. வெட்டாம, தென்னை ஓலைத் தட்டுல முழுசா வைங்க. யார் கூவப் போறீங்க?”

பனாபா பின்வாங்கினான். “நான் அலெய்பட்டாக்காரன். இவங்க பட்டப்பேர், இவங்க கடல்துறைப் பேர் ஒண்ணும் எனக்கு வராது. ஒரு பேர் மாத்திச் சொன்னா உங்க அப்பாவே என்னை எந்திரிச்சு அடிப்பார்.”

மற்றவர்கள் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார்கள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார்கள்.

லூபே ஷூவைக் கழற்றினாள். கால்சட்டைக்கு மேலே ஒரு லாவாலாவாத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

“நீங்களா?” என்றான் கெல்வின். “லூபே, பொம்பளைங்க இத…”

“கூவக்கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?”

“கூவி நான் கேட்டதில்ல.”

“இன்னைக்குக் கேளு.”

“வெளில நாப்பது பேர் மெழுகுவத்தி வச்சு அமைதியா சாப்பிட்டுட்டு இருக்காங்க.” கெல்வின் ஒருமுறை மேஜையைப் பார்த்தான். ஒருமுறை அவளுடைய வெறுங்காலைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். “சரி. பாட்டை நானே நிறுத்துறேன். ஆனா நல்லா சத்தமா பண்ணுங்க. அரைகுறையா பண்ணினாதான் கம்ப்ளெயின்ட் வரும்.”

ஓலைக் கூரைக்கு முன்னால் இருந்த புல்தரையில் பனாபாவும் இன்னும் மூன்று பேரும் பன்றியை இறக்கினார்கள். தோல் தாமிரமாக மின்னியது. பாட்டு நின்றது. கிதார்க்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிதாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

லூபே வெளிச்சத்துக்கு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தாள். பார்த்தாள். அது கல்லாக இருந்தது.

மூச்சை இழுத்தாள்.

“அமைதி காக்க வேண்டுகிறேன். சவாயியின் மேற்குக் கரை காத்து நிற்கும் அசோமுவா அவர்களின் மாட்சிமைக்கு, அலை திரும்பி நின்று வணங்கும் அவருடைய துறைக்கு, இந்த விருந்து அறிவிக்கப்படுகிறது.”

குரல் எங்கிருந்தோ வந்தது. பவளப்பாறை வரை போய்விட்டுத் திரும்பியது. நாற்பது முட்கரண்டிகள் நாற்பது தட்டுகளில் அசையாமல் நின்றன.

“இது வைலோட்டு மண்ணின் காணிக்கை. துய்மாலு அவர்களின் கையால் வருவது. பன்றி ஒன்று, முழுசாக. அதன் முதுகு அசோமுவா அவர்களுக்கு. இஞ்சி சேர்த்து, சோயா சேர்த்து, ஒரு பகல் முழுக்கக் காய்ச்சிய சாறு அதற்குத் துணை. சீமைப்பலா ஒரு கூடை. பலுசாமி ஒரு கூடை, தேங்காய்ப்பாலும் சேம்பிலையும் கட்டியது. பனியாக உறைந்த ஓகா, புதிதாக ஏழு தட்டு. அடுப்படி வெறுங்கையோடு நிற்கிறது. குறை இருந்தால் பொறுக்க வேண்டும்.”

துய்மாலுவின் பங்கு என்று எதையும் அவள் சொல்லவில்லை. கொடுப்பவருக்கு யார் பங்கு வைப்பது?

துய்மாலுவின் முதுகு நிமிர்ந்தது. ‘துய்மாலு அவர்களின் கையால்’ என்ற இடத்தில்தான் நிமிர்ந்தது. லூபே அதைக் கவனித்தாள்.

இனி பதில் வர வேண்டும். கூவலுக்குப் பதில் சொல்லி ஏற்றுக்கொண்டால்தான் அது விருந்து. பதில் வராவிட்டால் புல்லில் கிடக்கும் கறி. விருந்தாளியின் பேச்சாளர்தான் எழ வேண்டும். அசோமுவாவோ தனியாக வந்திருக்கிறார்; பேச்சாளரை அழைத்து வரவில்லை. அவ்வளவு பெரிய தலைவர் தன் வாயால் நன்றி சொல்வது வழக்கம் இல்லை.

லூபேயின் காலடியில் புல் ஈரமாக இருந்தது.

அசோமுவா மெல்லத் திரும்பினார்.

“துய்மாலு, உங்களுக்கு எல்லாமே நிறைய இருக்கு. நிலம் இருக்கு, பன்றி இருக்கு, இப்படித் தொண்டை உள்ள பிள்ளைங்க இருக்கு. எனக்கு இன்னைக்கு நாக்குதான் இல்ல. உங்க வைஃபாலேவ கொஞ்ச நேரம் கடனா குடுங்க.”

மேஜையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். துய்மாலு தலையசைத்தார்.

அப்பா எழுந்தார். முப்பது வருஷமாக இந்தக் கடற்கரை முழுக்க அவர் பேசாத சபை இல்லை. இன்று முதல் வார்த்தைக்கு முன்னால் தொண்டையை இரண்டு தடவை செருமினார்.

பிறகு பேசினார். அசோமுவாவின் வாயாகப் பேசினார். மண்ணுக்கு நன்றி சொன்னார். கொடுத்த கைக்கு நன்றி சொன்னார். அடுப்பின் வெக்கையில் நின்றவர்களுக்கு நன்றி சொன்னார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்சுவர் போல ஏறின. எல்லாம் இருந்தது. முறைப்படி இருந்தது. முடிந்தது.

ஆனால் அவர் உட்காரவில்லை.

“இதுவரைக்கும் அசோமுவா சொன்னது,” என்றார், சாதாரணக் குரலில். “இப்ப நான் சொல்றது என்னோடது. இங்க வந்திருக்கிற வெளியூர்க்காரங்களும் கேட்டுக்கங்க. இந்தப் பன்றிய சுட்டது என் மக. கூவினதும் அவதான். நான் சொல்லிக்குடுத்து இல்ல. நான் சொல்லிக்குடுக்கவே இல்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “அது என் தப்பு. திறமை அவளோடது.”

உட்கார்ந்துவிட்டார்.

லூபே அசையவில்லை. அசைந்தால் முகம் என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் பனாபா மூக்கை உறிஞ்சினான்.

முதுகுக்கறி அசோமுவாவின் முன்னால் போனது. அவர் சாற்றில் ஒரு துண்டைத் தோய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். மென்றார். பிறகு கத்தியைக் கேட்டு வாங்கி, மிச்சத்தைச் சரிபாதியாக வெட்டி, தட்டோடு எதிர்முனைக்குத் தள்ளினார்.

“தனியா சாப்பிட எனக்கு வராது, துய்மாலு.”

சமையல்காரி வெட்டியிருந்தால் அவமானம். விருந்தாளி வெட்டியதால் சொந்தம். துய்மாலு வாங்கிக்கொண்டார். அப்புறம் ஏழு பேரின் கையும் ஒன்றாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் யாரும் யாரிடமும் பேசவில்லை. சமைக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல சத்தம் கிடையாது.

ஓகா இரண்டாம் தடவை கேட்டு வந்தது. பலுசாமிக் கூடை காலியாகிக் கவிழ்ந்தது. தேனிலவு ஜோடி, “அவங்களுக்கு வச்சத எங்களுக்கும் வைப்பீங்களா?” என்று கெல்வினைக் கேட்டது. அதையும் கூவிக் கொடுக்க வேண்டும் என்றது.

கிளம்பும்போது துய்மாலு கெல்வினின் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்திருக்க வேண்டும். கெல்வின் ஒரு பக்கம் சாய்ந்தான்.

“ஆக்லாந்துல யாரோ பெட்டி கட்டி வச்சிருக்காராமே.”

“ஆமாங்க ஐயா.”

“பிரிச்சு வைக்கச் சொல்லு.”

எல்லோரும் வண்டி ஏறப் போனார்கள். அப்பா மட்டும் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அவர் வயதில், அவர் பட்டத்தில், ஓர் அடுப்படியை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது எத்தனையோ காலத்துக்குப் பிறகு இப்போதுதான்.

“கால்கறில அந்தப் பழப் புளிப்பு,” என்றார்.

“அதிகமாப்பா?”

“நான் குறை சொல்ல வரல. என்ன பழம்னு கேக்க வந்தேன்.”

சொன்னாள். தலையசைத்தார். போகாமல் நின்றார்.

“சனிக்கிழமை உங்க அம்மாவையும் சித்தப்பா வீட்டையும் கூட்டிட்டு வரேன். கடல் பக்கம் மேஜை போடு.”

கெல்வின் பின்னால் இருந்து தயங்கியபடி எட்டிப் பார்த்தான். “சனிக்கிழமை முழுக்க புக் ஆயிடுச்சுங்க ஐயா. இப்பதான், இந்த ஒரு மணி நேரத்துல.”

“எனக்குமா?”

“எல்லாருக்கும்தாம்பா,” என்றாள் லூபே. “அடுத்த வாரம்னா இப்பவே சொல்லி வச்சுடுங்க.”

வைஃபாலே மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்துத் திரும்பி நடந்தார். போகிற வழியெல்லாம், பேச்சாளருக்கே உரிய அந்தத் திறந்த குரலில், ரிசார்ட் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனார்.

“கேட்டீங்களா அநியாயத்த? என் மக நடத்துற கடைல எனக்கே இடம் இல்லையாம்.”