ராகுகாலம் கழிய ஒரு மலைப்பாதை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நான் டிரைவராக இருந்த வெள்ளைக்காரத் துரையின் காரைக் கன்னையா அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பே எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. துரை விடுப்பில் சீமைக்குப் போகும்போது, "சிரில், வண்டியைச் சும்மா போட்டு வைக்காதே, அவ்வப்போது ஓட்டு" என்று சொல்லியிருந்தார். எவ்வளவு தூரம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணனின் ஒரே மகள் சீதாலெட்சுமி, போர்ட் டிக்சனுக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். ரயில்வேயில் ஃபிட்டரான அண்ணன், தன் மகளுக்கும் ரயில்வே மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவளோ பால்மரம் வெட்டும் தம்புசாமியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு இந்தியாவில் எந்த ஊர் என்றுகூட அண்ணன் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இப்போது ரப்பர் விலை படுத்துவிட, தோட்டத்தை மூடி ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கப்பலுக்குக் கூட்டிப் போகிறார்கள். அதற்குள் வந்து பிள்ளையைப் பாருங்கள் அப்பா" என்று கடிதம் வந்தது. அண்ணன் அன்றைக்கே ரயில்வே ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் போய்ப் பல்லைக் காட்டி, மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் ஒரு வேலை கேட்டு வாங்கிவிட்டார். மூன்று பேரையும் கப்பல் ஏற விடாமல் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

"நேரா சிரம்பான் ரோட்ல போனா ஒம்போது மணிக்கு அங்க நிப்போம்" என்றேன்.

அண்ணன் மனைவி நல்லம்மாள் அக்கா திடுக்கிட்டாள். "ஒம்போதா? இன்னிக்குச் சனிக்கெழம தம்பி. ஒம்போதுலேருந்து பத்தரை ராகுகாலம். ரெண்டு வருசம் கழிச்சுச் சேரப் போறோம், பேரப்புள்ள மொகத்த மொத மொதல்ல பாக்கப் போறோம். அந்த நேரத்துலயா போய் நிக்கிறது?"

நான் வேதக்காரன், கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகிறவன். எனக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. தோட்டத்து வாசலில் மரத்தடியில் வண்டியைப் போட்டுக் காத்திருப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. எனக்கு என் பவிசைக் காட்ட வேண்டியிருந்தது.

"அப்ப மலைப்பாதையில சுத்திக்கிட்டுப் போவோம் அண்ணே. பத்தே முக்காலுக்கு எறக்கி விட்டுர்றேன். தொரையும் தொரசானியும் ஞாயித்துக்கெழமைன்னா அங்கதான் போவாங்க."

உலு லங்காட் தாண்டியதும் பாதை வளைந்து ஏறியது. மூங்கில் புதர்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தன. உச்சியில் நிறுத்தினேன். பனி விலகி, கீழே ஜெலெபு பள்ளத்தாக்கு பச்சையாகத் தெரிந்தது. அண்ணன் அதைப் பார்க்கவேயில்லை.

"சிரிலு, என்னடா சொல்றது அவகிட்ட? 'வா'ன்னா போதுமா?"

"போதும்ணே. ஓடி வந்துரும்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் அங்கே இன்னும் பத்து நிமிஷம் நின்றேன்.

சொன்னபடி பத்தே முக்காலுக்குத் தோட்டத்தில் நுழைந்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் ஆள் அரவம் இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. காவல்காரர் பக்கிரிசாமி மட்டும் இருந்தார்.

"கப்பல் ஒரு நாள் முன்னாடியே வந்துருச்சாம். பத்து மணிக்கு லோரியில ஏத்தி ஸ்டேசனுக்குக் கொண்டுபோயிட்டாங்க. ரயிலும் இந்நேரம் போயிருக்கும். நாலு மணிக்குக் கப்பல் கெளம்புதாம். ஒரு பொண்ணு மட்டும் ஏறவே இல்ல, கைப்புள்ளையோட ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. 'அப்பா வருவாரு, அப்பா வருவாரு'ன்னுச்சு. கங்காணி சத்தம் போட்டப்புறந்தான் ஏறுச்சு."

கப்பல் கிளம்பும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குக் கடலோரப் பாதையில் விரட்டினேன். இடது பக்கம் கடல் கூடவே வந்தது. துரைசானி நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்க்கும் இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சிப்பாங் ஆற்றில் கார் ஏற்றும் படகு அக்கரையில் நின்றது. வற்றிக் கிடந்த ஆற்றில் தண்ணீர் ஏறி, ஒரு மாட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு அது இக்கரை வந்து சேர இரண்டரை மணி நேரம்.

"நாந்தான் ராகுகாலம்னேன். நாந்தான்" என்று அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். இல்லை அக்கா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஜெஞ்சாரோமின் செம்மண் புழுதியில் ரோடே தெரியாமல் ஓட்டினேன்.

நாங்கள் துறைமுகத்துக்குள் ஓடியபோது மணி நாலேகால். கப்பல் கரையை விட்டு விலகி ஆற்று முகத்துவாரத்தின் நடுவுக்குப் போய்விட்டிருந்தது. மேல்தட்டின் ஓரம் முழுக்கத் தலைகள்.

"சீதா! ஏ சீதா!" என்று அண்ணன் கத்தினார். கப்பலின் ஊதல் அவர் குரலை விழுங்கிவிட்டது.

அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "எது நம்ம புள்ள? ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமேப்பா. சொல்லுப்பா."

சீதாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கிடைக்கவில்லை. அக்காவின் நகம் என் கையில் பதிந்திருந்தது.

"அந்தா அக்கா. கடைசியில, பச்சச் சேலை. கையில புள்ள."

அக்கா இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அண்ணன் பச்சைச் சேலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெற்றவருக்குத் தெரியாதா? மெல்லத் தன் கையையும் உயர்த்தினார்.

அந்தப் பெண் தனக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பிலிருந்து தூக்கி, கம்பிக்கு மேலே பிடித்து, அதன் கையை எங்களைப் பார்த்து ஆட்டினாள்.