குழாயைத் திறந்தவன்

லிஃப்ட் மெக்கானிக் மொட்டை மாடியில் மீன் வளர்க்கக் கிளம்பியதே அக்காவுக்காகத்தான். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒருநாள் மருந்தின் அளவு கை தவறிக் கூடிவிட்டது. நோயாளி பிழைத்துக்கொண்டார். அக்காதான் வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்து, ஜன்னலே கதியென்று கிடந்தாள்.

இடித்த வீட்டிலிருந்து ஒரு பழைய குளியல் தொட்டி, நெடுக்காக அறுத்த நீல டிரம், நாலு மூட்டை ஜல்லி, ஒரு குட்டி மோட்டார். அவ்வளவுதான். கீழே தொட்டியில் மீன், மேலே டிரம்மில் ஜல்லிக்கு நடுவே கீரை. மீன் கழிவோடு தண்ணீர் மேலே ஏறும். ஜல்லியில் அது உரமாகிக் கீரைக்குப் போகும். தெளிந்த தண்ணீர் மறுபடி தொட்டியிலேயே விழும்.

"இதுல எனக்கு என்னடா வேலை?"

"சாப்பாடு போடு, போதும். மீன் உன்னைக் கேள்வி கேக்காது."

அளவு ஸ்பூனோடுதான் ஏறுவாள். இரண்டு மாதத்தில் கீரை தழைத்தது. அவள் முகமும் தெளிந்தது. கொழுத்த மீன் ஒன்றுக்கு டாக்டர் என்று பேர் வைத்தாள். "எல்லாரும் வந்து காத்திருந்தப்புறம்தான் வருவாரு" என்று சிரித்தாள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீனுக்கு ஆகாது, இரண்டு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று வீட்டுக்கே பாடம் எடுத்தவன் அவன். ஒரு சாயங்காலம் தொட்டி பாதியாக வற்றியிருந்தது. எடுத்துவைத்த தண்ணீர் இல்லை, ராத்திரி வேலைக்கு அவசரம். ஒரு தடவைதானே என்று குழாயிலிருந்து நேராக ஹோஸைப் போட்டு நிரப்பினான்.

காலையில் இருபது மீனும் மிதந்தன.

"நேத்து ஒரு ஸ்பூன் அதிகமாப் போட்டேன்டா" என்றாள் அக்கா. "அதனாலயா?"

"இருக்கலாம்" என்றான். வாயில் வந்தது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து அவள் மாடி ஏறவில்லை. குழம்புக்கு உப்புப் போடக்கூட அவன் மனைவியைக் கூப்பிட்டாள். அதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்றே பத்து நாள் ஓட்டினான்.

பதினோராம் நாள் அவன் மகளுக்குக் காய்ச்சல். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மருந்து பாட்டிலை அக்காவிடம் நீட்டினான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்டா. என் கை பட்ட அளவு எதுவும் சரியா வராது. பார்த்தல்ல."

"மீன் செத்தது உன்னால இல்லக்கா. நான்தான் குழாய்த் தண்ணிய அப்படியே விட்டேன்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

அவள் திட்டவில்லை. பாட்டிலை வாங்கி, மூடியில் அளந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குழந்தைக்குப் புகட்டினாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "தண்ணி விட்ட தப்பை மறந்துடுவேன். பத்து நாள் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தியே, அதை எப்படிடா மறக்கறது?"



அடுத்த மாதம் அக்கா பக்கத்துத் தெரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். புது மீன்குஞ்சுகளும் வந்தன. அவனோடு பேசுகிறாள்தான், வேண்டியதை மட்டும். மிச்சப் பேச்சுக்காக அவன் தினமும் மாடியில் காத்திருக்கிறான். அவள் தீனியைப் போட்டுவிட்டு, "மோட்டார்ல சத்தம் வருது, பாரு" என்று சொல்லி இறங்கிப் போகிறாள்.